கொளுத்தக் கூடாத மஞ்சள் அடுப்பு

டர்பனை அடுத்த இசிப்பிங்கோவில் வசித்த பெரியவர் ஒருவர், பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வதற்கு முன் தம் கார் கொட்டகையைக் காலி செய்தார். அங்கே இருந்த ஒன்பது கெட்டில் அடுப்புகளில், அதாவது மூடி போட்ட உருண்டைக் கரியடுப்புகளில், ஒன்றை நான் விலைக்கு வாங்கினேன். அமெரிக்க வெபர் நிறுவனம் தன் 70ஆம் ஆண்டை ஒட்டி 2022இல் வெளியிட்ட 57 செ.மீ. கரியடுப்பு அது, நிறம் மஞ்சள், ஒருமுறைகூட நெருப்புப் படாதது. பணத்தை எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "தம்பி, இதைக் கொளுத்திட்டா பாதி விலை போச்சு. அப்படியே வச்சிருந்தா பத்து வருஷம் கழிச்சு என்னை நினைப்பே."

நான் கொளுத்திவிட்டேன். கொளுத்தாதவர் எழுதும் மதிப்புரை அடுப்பைப் பற்றியதாக இருக்காது, பெட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

தென்னாப்பிரிக்காவில் திறந்தவெளியில் தணல் மூட்டி இறைச்சி சுடுவதைப் பிராய் என்கிறோம். ஆப்ரிக்கான்ஸ் மொழிச் சொல்லான அது இன்று எல்லா வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதேபோல, மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு எதுவாக இருந்தாலும், அதைச் செய்தவர் யாராக இருந்தாலும், இங்கே அதற்கு வெபர் என்றே பெயர். "வெபரை எடுத்து வெளியே வை" என்று குரல் கொடுக்கும் வீட்டில் உள்ளது பெரும்பாலும் பேரங்காடியில் மலிவாகக் கிடைத்த வேறொன்றாகத்தான் இருக்கும். பெயர் இவ்வளவு பொதுவாகிவிட்ட ஊரில், உண்மையான வெபரின் ஆண்டுவிழாப் பதிப்பை வைத்திருப்பது ஒரு சிறு கௌரவம். டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலும் எனக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்களில் இவற்றைச் சேர்ப்பவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடியதும் நானே சமைத்துப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இங்கே எழுதுவது.

இந்த அடுப்பின் பிறப்புக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1952இல் சிகாகோ வட்டாரத்தில், வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்னும் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், காற்றடித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் படியும் திறந்த அடுப்புகளால் சலித்துப்போய், பட்டறையில் நீர்நிலைகளுக்காகச் செய்துகொண்டிருந்த மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதிக்கு மூன்று கால்களும் மேற்பாதிக்கு ஒரு கைப்பிடியும் வைத்தார். மூடியதும் நெருப்பு அணைந்துவிட்டது என்றும், மூடியில் துளை போடச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றும் ஒரு கதை சொல்வார்கள். பின்னாளில் அதன் தோற்றத்தைப் பார்த்து, சோவியத் செயற்கைக்கோளின் பெயரால் ஸ்புட்னிக் என்றும் அதை அழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை நெடுக்காக வெட்டிக் கால் பொருத்தி அடுப்பாக்கினார்கள். அந்த டிரம் அடுப்புகள் இன்றும் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் முற்றத்துக்கு வந்துவிடும். இரண்டு யோசனைக்கும் அதிகத் தூரமில்லை. எங்கள் ஆட்கள் அதற்கு எனாமல் பூசி, பெயர் வைத்து விற்கவில்லை, அவ்வளவுதான்.

வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆண்டுவிழாப் பதிப்பு அந்த 1952ஆம் ஆண்டு அடுப்பின் நகல் அன்று என்பது. அது நினைவூட்ட முயல்வது பழைய அடுப்பை அன்று, பழைய அமெரிக்கக் காரை. மூடியின் முன்புறத்தில் கார் முகப்பில் பதித்ததுபோல் பளபளக்கும் சின்னம் இருக்கிறது. சக்கரங்கள் அந்தக் காலத்துக் கார் டயரை நினைத்து வரையப்பட்டவை. நிறங்களின் பெயர்கள்கூட ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மஞ்சள், ராக் அண்ட் ரோல் நீலம், டைனர் பச்சை என்று அமெரிக்க நெடுஞ்சாலையோரத்து ஞாபகங்களாகவே இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் "பழமை" என்று அச்சிட்டு விற்கும்போது யாருடைய பழமை என்று கேட்கத் தோன்றுகிறது. 1950இல், யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் இங்கே வந்தது. 1953இல், பொது இடங்களையும் இனவாரியாகப் பிரித்த தனித்தனி வசதிச் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்ட எங்கள் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தன. டைனர் என்று அமெரிக்கர் சொல்வது போன்ற கடையில் வெள்ளையரோடு உட்கார்ந்து சாப்பிட எங்கள் தாத்தாவுக்கு அனுமதி இல்லை. ஆகையால் அந்தப் பச்சை நிறம் எனக்கு எந்த நினைவையும் எழுப்புவதில்லை. மஞ்சளின் மேல் அந்தக் குறை எனக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, புதுக் கார் வந்ததுபோல என் மனைவி அந்தச் சின்னத்துக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். ஹாட் ராட் எங்கள் வீட்டில் மஞ்சள் பூசிக் குளித்த கணக்காயிற்று.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது எனாமலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் இந்தப் பதிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நியாயமான பகுதி அங்கேதான் இருக்கிறது. கெட்டிலின் மேல் இருப்பது பெயிண்ட் அன்று. கண்ணாடித் தூளை எஃகின் மேல் பூசி, 800 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் படலம் அது. வெயிலில் வெளுக்காது, நெருப்பில் கருகாது, துருவும் பிடிக்காது. அடிபட்டுச் சில்லு தெறித்தால் மட்டுமே கீழுள்ள எஃகு காற்றைப் பார்க்கும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். இந்தக் காரணத்தால்தான் 40 ஆண்டுப் பழைய கெட்டிலும் கழுவித் துடைத்தவுடன் புதிதுபோல் மின்னுகிறது, சேகரிப்பவர்கள் என்ற கூட்டமே உருவாக முடிகிறது. தகரத்தின் மேல் பெயிண்ட் அடித்த மலிவு அடுப்பு இரண்டு கோடைகாலத்துக்குமேல் அதன் நிறத்தைக் காட்டாது. அதை யாரும் சேகரிப்பதும் இல்லை.

பழையதை வாங்குபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்றும் இங்கே உண்டு. மூடியின் உட்புறத்தில் செதில் செதிலாகக் கருப்பு உரிந்து விழுவதைக் கண்டு, எனாமல் போய்விட்டது என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். உரிவது எனாமல் அன்று. ஆண்டுக்கணக்காகப் படிந்த கொழுப்பும் புகையும் கரியாகி உரிவது. பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். விற்பவருக்கு இது தெரியாமல் இருந்தால் வாங்குபவருக்கு அதிர்ஷ்டம். என் மைத்துனர் தம் சேகரிப்பில் பாதியை இந்த ஓர் அறியாமையை நம்பியே சேர்த்தார்.

மைத்துனரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் ஆண்டுவிழாப் பதிப்பின் மேல் மிகக் கடுமையான கருத்து அவருடையது. அவரிடம் 1980களைச் சேர்ந்த பழுப்பு நிறக் கெட்டில் ஒன்று இருக்கிறது. கைப்பிடிகள் மரம். அடியில் மூன்று காற்றுத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு தகடு. சாம்பலைத் தாங்க ஓர் அலுமினியத் தட்டு. மூடியின் காற்றுத் தகட்டில் பொறித்திருக்கும் ஓர் எழுத்தை வைத்து அது பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம் என்பது சேகரிப்பவர்களுக்கிடையே ஒரு கலை. அவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான், நிறத்தை அன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவர் வீட்டுப் பின்முற்றத்தில் இடுப்பளவு சேறு நின்றது. குளிர்பெட்டி போயிற்று, சோபா போயிற்று. அந்தப் பழுப்புக் கெட்டிலைக் குழாயடியில் வைத்துக் கழுவி, துருவேறிய கால்களை மட்டும் மாற்றி, அடுத்த வாரமே அதில் கோழி சுட்டார். "பழசு மாதிரி இருக்கிற புதுசு எனக்கு எதுக்கு? என்கிட்ட பழசே இருக்கு" என்பது அவர் தீர்ப்பு. ஆண்டுவிழாச் சின்னத்தை அவர் பார்க்கும் பார்வை, மாப்பிள்ளை மோதிரத்தில் கல் கண்ணாடியா என்று மாமனார் பார்க்கும் பார்வை.

அவருக்கு நேரெதிர், பீனிக்ஸில் உள்ள நண்பர். அவர் நீலத்தில் இரண்டு வாங்கினார், ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அட்டைப் பெட்டிகளை மாடியறையில் அடுக்கி, கரையான் வராமல் மருந்து தெளித்து, ஆண்டுக்கொருமுறை ஒட்டுநாடா சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். விலை ஏறும் என்பது அவர் நம்பிக்கை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய சிவப்பு, பழுப்பு, எலுமிச்சைப் பச்சைக் கெட்டில்களுக்கு இன்று சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது அவற்றை அந்தக் காலத்தில் யாரும் பாதுகாக்காததால்தான். வாங்கியவர்கள் மழையில் விட்டார்கள், கடற்கரைக்குத் தூக்கிப் போனார்கள், கால் உடைந்ததும் மூடியைச் செடிக்குத் தொட்டியாக்கினார்கள். தப்பிப் பிழைத்தவை சில. அந்தச் சிலவுக்குத்தான் மதிப்பு. ஆண்டுவிழாப் பதிப்போ பாதுகாக்கப்படுவதற்கென்றே பிறந்தது. வாங்கியவர்களில் நிறையப் பேர் பெட்டியோடு வைத்திருக்கும் ஒரு பொருள், பத்து ஆண்டு கழித்தும் பெட்டியோடு நிறையவே இருக்கும். அப்போது நண்பரின் இரண்டு நீலங்களும் சந்தைக்கு வரும்போது, அதே நினைப்போடு வேறு மாடியறைகளிலிருந்தும் நீலங்கள் இறங்கி வரும். அவரிடம் இதைச் சொன்னேன். பதிலுக்கு அவர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

டோங்காட்டில் ஓர் அக்கா இருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சேகரிப்பவர்கள் கூடும்போது அவரைக் கணக்கில் எடுப்பதில்லை, ஏனெனில் அவரிடம் இருப்பது பச்சை நிறத்தில் ஒன்றே ஒன்று. ஆனால் அவர் அதில் ஞாயிறுதோறும் சமைக்கிறார். இந்தப் பதிப்பைப் பற்றி நான் கேட்டவற்றுள் நடைமுறைக்கு உதவிய கருத்துகள் எல்லாம் அவரிடமிருந்து வந்தவைதான். அடுப்பின் நிறத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி: இருட்டில் கருப்பு அடுப்பில் முட்டிக்கொள்வதுண்டு, இதில் முட்டிக்கொள்வதில்லை.

நான் முதன்முதலாகத் தீ மூட்டிய நாள் செப்டம்பர் 24. நாட்டுக்கு அது மரபு நாள். மக்கள் வழக்கில் பிராய் நாள். தெரு முழுவதும் இறைச்சிப் புகை. தமிழ் வீடுகளுக்கு அது புரட்டாசி. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து மறந்துபோனாலும் புரட்டாசியில் இறைச்சி தொடக் கூடாது என்பது மறக்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் நாடே ஆட்டு விலாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும் நாளில் நாங்கள் மக்காச்சோளத்தையும் கத்தரிக்காயையும் திருப்பிப் போடுகிறோம். ஹாட் ராட் மஞ்சளின் கன்னி நெருப்பில் வெந்தவை எட்டு மீலிக் கதிர்கள் (மக்காச்சோளத்துக்கு இங்கே அந்தப் பெயர்), நான்கு கத்தரிக்காய்கள், மசாலா தடவிய பன்னீர் துண்டுகள். இது குறையன்று; கெட்டில் அடுப்பைச் சோதிக்கக் கத்தரிக்காயை விட நல்ல பொருள் கிடையாது என்பேன். மூடி சரியாக உட்காராத அடுப்பில் கத்தரிக்காயின் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இதில் மூடியைப் போட்டு, மேல் துளையையும் கீழ்த் துளையையும் பாதி திறந்து, இருபத்தைந்து நிமிடம் தொடாமல் விட்டேன். தோல் தானாகக் கழன்று வந்தது. சதை வெண்ணெயாகக் குழைந்து, புகை மணம் காம்புவரை ஏறியிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் இறைச்சிக்கு வந்தோம். நேர்த்தணலில் சுடும் ஆட்டு விலாவுக்கு இந்த அடுப்பும் எந்த அடுப்பும் ஒன்றுதான். டிரம் அடுப்பில்கூட அதே சுவை வரும், அதில் வாதிக்க ஒன்றுமில்லை. கெட்டிலின் வித்தை தெரிவது முழுக் கோழியில். பிரிக்கெட் கரியை, அதாவது தூளை அழுத்திச் செய்த கரித்துண்டுகளை, பற்றவைக்கும் குழலில் போட்டு, மேல்கரி சாம்பல் பூக்கும்வரை காத்திருந்து, இருபக்கமும் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் குவித்து, நடுவில் கொழுப்பு வடிய ஒரு தட்டை வைத்து, காஷ்மீரி மிளகாய்த்தூளும் தனியாவும் சீரகமும் இஞ்சி பூண்டும் அரைத்துத் தடவிய ஒன்றரைக் கிலோ கோழியை அந்தத் தட்டுக்கு மேலே கிரிட்டில், அதாவது சுடும் கம்பித் தட்டியில், உட்கார வைத்தேன். மூடியில் பொருத்தும் வெப்பமானியை நான் எந்தக் கெட்டிலிலும் முழுதாக நம்புவதில்லை. அது காட்டுவது மூடிக்கடியிலுள்ள காற்றின் சூடு, கிரிட்டின் சூடு அன்று. ஆதலால் தனியாக ஒரு முள் வெப்பமானியைக் கிரிட்டின் பக்கத்தில் வைத்தேன். கீழ்த் துளையை முழுதும் திறந்து, மேல் துளையைப் பாதியாக்கியதும் 190 டிகிரியைச் சுற்றி நின்றது. ஒரு மணி நேரத்துக்குப் பெரிதாக ஆடவில்லை. ஒரு மணி பத்து நிமிடத்தில் தொடைக்குள் 74 டிகிரி தாண்டியது. இன்னும் நேரம் வேண்டியிருந்தால் மணிக்கு எட்டு எட்டுக் கரித்துண்டுகளை இருபுறமும் சேர்த்தால் போதும். முடிந்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் மிச்சக் கரி அணைந்து அடுத்த வாரத்துக்கு ஆகும். கரி விலை ஏறிக்கொண்டே போகும் நாளில் இது சிறு விஷயமன்று.

இத்தனையும் படித்தவர்க்கு ஒரு கேள்வி எழும்: ஆண்டுவிழாப் பதிப்பில் கோழி கூடுதல் சுவையாக இருந்ததா? இல்லை. மைத்துனரின் பழுப்புக் கெட்டிலில் அதே மசாலா, அதே கரி, அதே அளவுக் கோழியை வைத்தோம். கண்ணை மூடிச் சாப்பிட்ட என் மகளால் எது எது என்று சொல்ல முடியவில்லை. கோளத்தின் வடிவமும் மூடியின் பொருத்தமும் துளைகளின் இடமும்தான் சமைக்கின்றன. அவை இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு சமைத்து முடித்த பிறகு தெரிந்தது. பழையதில் மூன்று தகடுகளையும் குனிந்து ஒவ்வொன்றாகத் திருகி, மிதந்துவரும் சாம்பலைத் தட்டிலிருந்து காற்றுக்கு முன் கொட்டியாக வேண்டும். இப்போதைய அமைப்பில் ஒரே பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் மூன்று அலகுகள் சாம்பலைக் கூட்டிக் கீழே தள்ளிவிடுகின்றன. மரக்கைப்பிடியின் அழகுக்காகக் குனிந்து நிமிர எனக்கு முதுகு இடம்தரவில்லை. மைத்துனருக்கு இன்னும் இடம்தருகிறது.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கடைகளில் கிடைக்கும் கட்டிக் கரியில் நிறைய நமீபியாவிலிருந்து வருகிறது. அங்கே மேய்ச்சல் நிலத்தை மூடிப் பெருகிவிட்ட முட்புதர்களை வெட்டி எரித்த கரி அது. அந்தப் புதர்களில் ஒன்றை ஆப்ரிக்கான்ஸில் செகெல்போஸ் என்பார்கள். தமிழ்நாட்டுத் தென்மாவட்டக் காடுகளில் விடத்தலை என்று சொல்லும் மரமும் அதுவும் ஒன்றே. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் பிரிக்கெட்டைக் கோழிக்கும், கட்டிக் கரியை விலாவுக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறேன். கட்டிக் கரி வேகமாகச் சூடேறிச் சீக்கிரம் தணியும். நீண்ட நேரம் ஒரே சூட்டில் நிற்க அதற்குப் பொறுமை கிடையாது.

டர்பனில் எந்த அடுப்புக்கும் உண்மையான எதிரி கடற்காற்றுத்தான். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று எனாமலை ஒன்றும் செய்யாது. போல்ட்டுகளையும், கால் செருகும் குழிகளையும், கிரிட்டையும் தின்னும். இதில் இன்னொரு தவறு எங்கள் ஊரில் சாதாரணம்: சமைத்த சாம்பலை அப்படியே அடியில் விட்டுவிடுவது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சிக் காரச் சேறாக மாறி உலோகத்தை அரிக்கும். ஆண்டுவிழாப் பதிப்பை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகை. அழகு கெடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வியர்த்து, மழையில் நின்ற அடுப்பைவிட மோசமாகிறது. நான் உறையைக் கால்வரை இழுப்பதில்லை, துளைகளைத் திறந்தே வைக்கிறேன், மாதம் ஒருமுறை போல்ட்டுகளில் சமையல் எண்ணெய் தொட்டு வைக்கிறேன். இவ்வளவு கவனமாக இருந்தும் என் மஞ்சள் மூடியின் விளிம்பில் ஒரு நகக்கண் அளவு சில்லு இருக்கிறது. அது என் குற்றம்: இசிப்பிங்கோவிலிருந்து கொண்டுவரும்போது பக்கி என்று நாங்கள் சொல்லும் சிறு சரக்கு வண்டியின் பின்புறத்தில் மூடியையும் கிண்ணத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே துணி வைக்காமல் போட்டேன். பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் சூடு தாங்கும் கருப்புப் பூச்சை ஒரு சொட்டு வைத்திருக்கிறேன். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுப்போல் இருக்கிறது.

முக்காலியில் நிற்கும் எந்தக் கெட்டிலுக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. சிமெண்டுத் தரையில் உருளும். புல்லிலும் மணலிலும் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். சக்கரத்தின் கார் அலங்காரம் அந்த விஷயத்தில் ஓர் அங்குலமும் உதவாது. கடற்கரைக்குக் கொண்டுபோக நினைப்பவர் இதை வாங்க வேண்டாம். 1950களில் டெக்சஸில் தொடங்கி இன்றும் வார்ப்பு அலுமினியத்தில் செய்யப்படும் பிகே வகை அடுப்பு அதற்குப் பொருத்தம். அது துருப்பிடிக்காது, பழமையும் உண்மையானது. எங்கள் ஊரில் அதைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு.

விலைக்கு வருகிறேன். ஆண்டுவிழாப் பதிப்பு, அதே அளவுள்ள சாதாரணக் கெட்டிலைவிடத் தெளிவாகவே விலை கூடியது. பெட்டி திறக்காததை இரண்டாம் கையாக வாங்கினால் விற்பவரின் கனவுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது நிறம், சின்னம், சக்கரத் தோற்றம். சமையலில் ஒன்றும் கூடாது. கருப்பு நிறத்தில் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்துக்கு நல்ல கரி மூட்டையும் முள் வெப்பமானியும் வாங்குவதே கணக்குத் தெரிந்தவர் செய்வது. பழமை வேண்டுமென்பவர், குறைந்த பணத்துக்கே, மரக்கைப்பிடி வைத்த பழையது ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். அதில் ஆண்டுவிழா என்று யாரும் அச்சிட வேண்டியதில்லை, துருவே சொல்லும். இரண்டையும் மீறி இதை வாங்குவதற்கு ஒரே நியாயமான காரணம், முற்றத்தில் அந்த நிறம் நிற்பதைப் பார்க்க உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது. எனக்குப் பிடித்திருக்கிறது. முதலீடு என்று சொல்லி வாங்குபவரை மட்டும் நான் தடுப்பேன்.

பெர்த்திலிருந்து பெரியவர் போன மாதம் அழைத்தார். அடுப்பைக் கேட்டார். கொளுத்திவிட்டேன் என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு, மேல் துளையைச் சுற்றி மஞ்சள் பழுப்பேறிவிட்டதா என்று கேட்டார். ஒரு விரல் அகலத்துக்குப் புகைக்கறை வந்தது, சோப்புத் தண்ணீரில் போய்விட்டது என்றேன். "போயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். அங்கே தம்மோடு கப்பலில் கொண்டுபோன இன்னொரு மஞ்சளைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் மருமகளுக்குக் கோழி சுடத் தெரியும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

என்னுடையதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. மைத்துனர் மட்டும் அந்தப் பழுப்புக் கெட்டிலைத் தருவதாக இருந்தால், சில்லும் பொட்டுமாக இந்த மூடியைக் கழற்றிக் கொடுக்க யோசிப்பேன்.